பிபிஏ ஸ்ட்ராடஜிக் மேனேஜ்மென்ட்: மாடல்களை முதலில் முடிப்பதா, காந்தி ரோடு லாட்ஜிலிருந்து தொடங்குவதா?

பாலாற்றங்கரை:
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று எந்தப் பக்கத்துக் கல்லூரியானாலும் பிபிஏ பிள்ளைகள் எழுதும் ஸ்ட்ராடஜி அசைன்மென்ட் ஒரே அச்சில் இருக்கிறது. ஸ்வாட் என்று நாலு பெட்டி. பலம்: நல்ல தரம். பலவீனம்: விளம்பரம் போதாது. வாய்ப்பு: ஏற்றுமதி செய்யலாம். அச்சுறுத்தல்: போட்டி. மேலே இருக்கும் பெயரை அழித்துவிட்டால் ஆம்பூர் பிரியாணிக் கடைக்கும் ஒட்டும், குடியாத்தம் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஒட்டும். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. எல்லா மாடலையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் "ஒரு நிறுவனத்துக்குப் பொருத்திக் காட்டு" என்றால் வேறு எப்படி வரும்?

முதல் வாரமே நடந்து போய்ப் பார்க்கக்கூடிய ஒரு தொழிலைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து காந்தி ரோடு லாட்ஜ் தொழில் போதும். செமஸ்டர் முழுக்க அதே தொழில்தான், ஒவ்வொரு மாடலும் அதன்மேல்தான் வந்து உட்கார வேண்டும்.

ஸ்வாட் எழுதும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அந்த லாட்ஜை நாளைக்கே மூடிவிட்டார்கள் என்று வையுங்கள். நீங்கள் எழுதிய வரி அப்போதும் உண்மையாக நின்றால் அது வெளிச்சூழல். நிற்காவிட்டால், ஒன்று லாட்ஜின் உள்விஷயம், இல்லையென்றால் லாட்ஜ் செய்யப்போகும் காரியம். "சமையல் வசதியோடு ரூம் கொடுக்கலாம்" என்பது வாய்ப்பு இல்லை, அது வியூகம். "வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடப் பார்க்கின்றன" என்பதுதான் வாய்ப்பு. இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பெட்டி காலியாகிவிடும்.

கோட்டை அகழி:
நோயைச் சரியாகப் பிடித்தீர்கள் சார், மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்ட்ராடஜிக்கு மூன்று மட்டம் உண்டு. எந்தெந்தத் தொழிலில் இருப்பது என்பது கார்ப்பரேட் மட்டம். இருக்கிற தொழிலில் எப்படி ஜெயிப்பது என்பது பிசினஸ் மட்டம். அதற்கு ஆள், பணம், உற்பத்தி எல்லாவற்றையும் ஒத்துப்போகச் செய்வது ஃபங்ஷனல் மட்டம். 20 ரூம் லாட்ஜில் இந்த மூன்றும் ஒரே கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. டைவர்சிஃபிகேஷன் (புதுத் தொழிலில் இறங்குவது), டைவெஸ்ட்மென்ட் (இருக்கிற தொழிலை விற்றுவிடுவது), எஸ்பியூ (தனி வியூகம் உள்ள தொழில் பிரிவு), அமைப்பு மாற்றம் என்று பாடத்திட்டத்தில் சரிபாதி அங்கே கண்ணுக்கே தெரியாது. வியூகம் மாறினால் அமைப்பும் மாற வேண்டும் என்று தொழில் வரலாற்றாசிரியர் சாண்ட்லர் 1962இல் சொன்னது டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், சியர்ஸ், நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் ஆகிய பெரிய அமெரிக்க நிறுவனங்களைப் பார்த்துவிட்டு. பல பிரிவுகள் இல்லாத இடத்தில் அதை எதை வைத்துக் காட்டுவீர்கள்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கருத்து தெளியாத பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பினால் முதலாளியின் வாழ்க்கை வரலாற்றோடு திரும்பி வருவார். "இருபது வருடம் பாடுபட்டு முன்னேறினார்" என்பது அனாலிசிஸ் ஆகாது. முதல் ஐந்து வாரம் கருத்து, வரையறை, வரிசை. கேஸ் அதற்குப் பிறகு.

காட்பாடி ஜங்ஷன்:
ரெண்டு பேரும் எண்ணைத் தொடவே இல்லையே. லாட்ஜையே எடுத்துக்குவோம். கீழே வர்றது கணக்குக்காக வெச்ச தொகைதான். நேர்ல போய் விசாரிச்சு, கிடைக்கிறதைப் போட்டுக்குங்க.

20 ரூம், மாசம் 30 நாள், ஆக 600 ரூம்-நாள். வாடகை நாளுக்கு 600 ரூபா. கட்டட லீஸ், சம்பளம், மினிமம் கரன்ட் எல்லாம் சேர்த்து மாச நிலைச்செலவு 1,80,000. ஆள் தங்கினால் மட்டும் வர்ற செலவு (துணி வெளுப்பு, தண்ணி, கரன்ட், சோப்பு) ரூமுக்கு நாளுக்கு 120. ஒரு ரூம்-நாள்ல கையில நிக்கிறது 480. 1,80,000ஐ 480ஆல வகுத்தா 375 ரூம்-நாள், அதாவது 62.5 சதவீதம் நிரம்பினாத்தான் தலை தப்பும்.

இப்ப பக்கத்து லாட்ஜ் விலையைக் குறைச்சுட்டான்னு இவரும் 100 ரூபா குறைக்கிறார். கையில நிக்கிறது 380 ஆயிடும். தேவை 474 ரூம்-நாள், 79 சதவீதம். செலவு ஒரு பைசா குறையல, விலை மட்டும் குறைஞ்சிருக்கு. பரீட்சைப் பேப்பர்ல இதைத்தான் "காஸ்ட் லீடர்ஷிப்"னு எழுதுறாங்க. ஸ்ட்ராடஜி பேராசிரியர் போர்ட்டர் சொன்ன காஸ்ட் லீடர்ஷிப் செலவுல முந்தி நிக்கிறது, விலையை வெட்டுறது இல்ல.

மாத்தி யோசிப்போம். ரூம்ல அடுப்பு மேடை, கேஸ் அடுப்பு, ரெண்டு பாத்திரம். தேய்மானத்தோட சேர்த்து நாளுக்கு 30 ரூபா கூடுதல் செலவு, வாடகையில 50 ரூபா கூட்டுறாங்க. கையில 500 நிக்கும். தேவை 360 ரூம்-நாள், 60 சதவீதம். நீண்ட நாள் தங்குற குடும்பத்தைக் குறிவெச்சு அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தினதால இது ஃபோகஸ். ஒரே கட்டடத்துக்கு 79ஆ 60ஆங்கிற வித்தியாசத்தைக் கண்ணால பார்த்த பையன் ஜெனரிக் ஸ்ட்ராடஜியை (காஸ்ட் லீடர்ஷிப், ஃபோகஸ் மாதிரி போர்ட்டர் சொன்ன பொது வியூகங்களை) மறக்கவே மாட்டான்.

கோட்டை அகழி:
கணக்கு அருமை, மறுக்கவில்லை. ஆனால் இது காஸ்ட் அக்கவுன்டிங். 50 ரூபாய் கூட்டினால் வாடிக்கையாளர் ஏன் பக்கத்துக் கதவைத் தட்டமாட்டார்? அந்தப் பதில் ஃபைவ் ஃபோர்சஸில்தான் இருக்கிறது, அதாவது ஒரு தொழிலின் லாபத்தை அழுத்தும் ஐந்து சக்திகள்: பையர் (வாங்குபவர்), சப்ளையர், சப்ஸ்டிட்யூட் (மாற்று), புதிதாக நுழைபவர், ரைவல்ரி (உள்போட்டி). அதை ஒழுங்காகச் சொல்லித் தராமல் லாட்ஜை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியை "சப்ளையர்" என்று போடும், ஏனென்றால் ஆளை அனுப்புகிறது. இன்னொரு பிள்ளை "பையர்" என்று போடும். எதிர் லாட்ஜை "சப்ஸ்டிட்யூட்" என்று எழுதும். நீங்களே சொல்லுங்கள், ஆஸ்பத்திரி எந்தப் பெட்டிக்குள் வரும்?

பாலாற்றங்கரை:
எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. ஆஸ்பத்திரி லாட்ஜுக்குத் துணைச்சேவை, காம்ப்ளிமென்ட். 1979இல் ஃபைவ் ஃபோர்சஸை எழுதிய போர்ட்டர், 2008இல் அதைத் திருத்தி எழுதியபோது காம்ப்ளிமென்ட்டும் அரசும் ஆறாவது ஃபோர்ஸ் கிடையாது, இருக்கிற ஐந்தின் வழியாகத்தான் அவை வேலை செய்கின்றன என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். இந்தக் கேள்வி லாட்ஜை எடுத்ததால்தானே எழுந்தது? பாடநூலின் வட்டப் படத்தை மட்டும் பார்த்தால் எழவே எழாது.

ஐந்தையும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், இது தனி ஒரு லாட்ஜுக்கு இல்லை, அந்தத் தெருவின் லாட்ஜ் தொழில் முழுமைக்கும்.

பையர்: தனித்தனிக் குடும்பங்கள், சேர்ந்து பேரம் பேசுவதில்லை. ஆனாலும் பையோடு வந்து இறங்கும் முதல் நாள் நாலு லாட்ஜ் ஏறி இறங்கி விலை கேட்க முடியும், அன்றைக்கு அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. அரிசி பருப்பு வாங்கி அடுக்கி, அடுப்பு பற்றவைத்த பிறகு மாறுவது சிரமம். ஜங்ஷன் சாரின் 50 ரூபாய் நிற்பது இங்கேதான். அடுப்பு ஒரு வசதி மட்டுமில்லை, அது மாறும் செலவை ஏற்றுகிறது.

சப்ளையர்: முக்கியமானவர் கட்டட உரிமையாளர். தொழில் நன்றாக நடந்தால் லீஸ் புதுப்பிக்கும்போது லாபத்தின் ஒரு பங்கு அவருக்குப் போய்விடும். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆள் கூட்டிவருபவருக்குக் கமிஷன் கொடுத்தால் அவரும் இங்கேதான் வருவார்.

சப்ஸ்டிட்யூட்: மாத வாடகைக்குக் கிடைக்கும் வீட்டு போர்ஷன். எதிர் லாட்ஜ் இதில் சேராது, அது ரைவல்ரி.

புதிதாக நுழைபவர்: ஆஸ்பத்திரி வாசலுக்கு நடக்கும் தூரத்தில் இடம் கிடைப்பதே அரிது, அதுதான் தடை. இருக்கிற வீட்டை லாட்ஜாக மாற்றுபவருக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

ரைவல்ரி: இன்றிரவு காலியாகக் கிடந்த ரூமை நாளைக்கு விற்க முடியாது. நிலைச்செலவும் பெரிது. ஆகவே கூட்டம் குறைந்த மாதத்தில் விலை வெட்டும் சண்டை நிச்சயம்.

பெஸ்டெலில் (அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்று வெளிச்சூழலைப் பார்க்கும் மாடல்) "அரசியல் சூழல் மாறிக்கொண்டே இருக்கிறது" என்று எழுதுவதை நிறுத்துங்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தினருக்கு இந்திய விசா கொடுப்பது வெகுவாகக் குறைந்தது. அங்கிருந்து வரும் நோயாளிகளை நம்பிய லாட்ஜுக்கு அரசியல் என்றால் அதுதான். ராணிப்பேட்டையில் சிஎம்சியின் புது வளாகம் வந்திருப்பதும் அப்படித்தான், எந்தெந்தச் சிகிச்சை அங்கே போகிறது என்பதைப் பொறுத்து "நடக்கும் தூரம்" என்ற தடையின் மதிப்பே மாறும்.

ஆம்பூர் பக்கம்:
லாட்ஜ் கேஸ் நல்ல கேஸ்தான். ஆனால் காலம் போகப்போகத் தொழிலின் விதிகள் எப்படி மாறுகின்றன என்பது அதில் தெரியாது. அதற்குத் தோல்தான் வேண்டும், நம்ம பாலாற்றங்கரை முழுக்க அந்தப் பாடம் கிடக்கிறது.

1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். அதன்பின் அரைப்பதத் தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முடித்த தோல், ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி), முழு ஷூ என்று மேலே ஏறியாக வேண்டிய நிலை. பாடநூல் பாஷையில் ஃபார்வர்ட் இன்டக்ரேஷன். அதைத் திட்டமிட்ட வியூகம் என்பதா, மேனேஜ்மென்ட் அறிஞர் மின்ட்ஸ்பெர்க் சொல்லும் எமர்ஜென்ட் ஸ்ட்ராடஜி (திட்டமில்லாமல் போகப்போக உருவாகும் வியூகம்) என்பதா? ஒரு வகுப்பு நேரம் முழுக்க இதையே பேசலாம்.

அடுத்தது விஆர்ஐஓ, ஒரு வளத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்கும் மாடல்: மதிப்புள்ளதா, அரிதா, நகலெடுப்பது கடினமா, அதைப் பயன்படுத்த அமைப்பு தயாரா. டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) அரிதான வளம் எது என்று கேட்டால் பிள்ளைகள் "நவீன மெஷின்", "அனுபவமுள்ள தொழிலாளர்" என்று எழுதுகிறார்கள். மெஷினைக் காசிருந்தால் யாரும் இறக்கலாம். 1989இல் அரசாணை 213 ஆறு, ஓடைகளின் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிதாக மாசுமிக்க தொழில் தொடங்குவதைத் தடுத்தது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லையென்றால் மூடல். அதற்குப் பிறகு அரிதாகிப்போன வளம் அனுமதி பெற்ற கொள்ளளவும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உள்ள பங்கும்தான். மதிப்புள்ளது, அரிது, நகலெடுப்பது கடினம் என்ற மூன்றிலும் ஆம். நாலாவது கேள்வி, அதைப் பயன்படுத்த அமைப்பு தயாரா? அந்தக் கொள்ளளவைப் பிறருக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குப் பதனிடுவது) செய்தே தீர்க்கும் டேனரிக்கும், சொந்தமாக முடித்த தோல் விற்கும் டேனரிக்கும் பதில் வேறு. எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்ட விஆர்ஐஓ அட்டவணையைத் திருத்தவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சிறிய டேனரிகள் பார்ட்னர்ஷிப்பாகவோ தனிநபர் தொழிலாகவோ இருந்தால் கணக்கு வெளியே கிடைக்காது. பிரைவேட் லிமிடெட் என்றால் எம்சிஏ (மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகம்) தளத்தில் கட்டணம் கட்டி ஆண்டுக் கணக்கை எடுக்கலாம். எந்த நிறுவனம் என்று முடிவு செய்யும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்செமஸ்டர்தாண்டியாச்சு:
அண்ணா, ஒரு சந்தேகம். ஷூ நிறுவனத்துக்கு பிசிஜி (மார்க்கெட் ஷேர், வளர்ச்சி ரெண்டையும் வெச்சுப் பிரிவுகளை நாலு கட்டத்துல போடுற மாடல்) போடுறோம். முழு ஷூ பிரிவுக்கு மார்க்கெட் ஷேர் 12 சதவீதம்னு எடுத்துக்கிட்டோம், வளர்ச்சி 4 சதவீதம். ஷேர் கம்மி, வளர்ச்சியும் கம்மி, அதனால "டாக்"னு போட்டோம். சார் அடிச்சுட்டாரு. ஏன்?

கோட்டை அகழி:
தம்பி, படுக்கைக்கோட்டில் வருவது உங்கள் ஷேர் இல்லை, ரிலேட்டிவ் ஷேர். உங்கள் ஷேரை மிகப் பெரிய போட்டியாளரின் ஷேரால் வகுக்க வேண்டும். அடுத்தவருக்கு 8 சதவீதம் என்றால் 12ஐ 8ஆல் வகுத்து 1.5. ஒன்றுக்கு மேல் போனதால் நீங்கள்தான் முதலிடம், வளர்ச்சி 10க்குக் கீழே, ஆகவே அது கேஷ் கவ், அதாவது அதிக முதலீடு கேட்காமல் பணம் தரும் பிரிவு. இன்னொரு பிரிவில் 30 சதவீதம் வைத்திருந்து முதல் ஆளுக்கு 45 என்றால் 0.67தான், அது இடப்பக்கம் வராது. இடப்பக்கம்தான் உயர்ந்த ஷேர், படம் வரையும்போது நிறைய பேர் இதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

10 மதிப்பெண் கேள்வியாக வந்தால் வரையறைக்கு இரண்டு வரி, அச்சுகளுக்குப் பெயர் எழுதிய படம், இந்த வகுத்தல் ஒரு வரி, நாலு கட்டத்துக்கும் என்ன முடிவு எடுப்பது, கடைசியில் இந்த மாடலின் குறை. பாலாற்றங்கரை சார், நான் முதலில் சொன்னது இதைத்தான். லாட்ஜ் வைத்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

ஆம்பூர் பக்கம்:
அந்தக் "குறை" வரியில் இதை எழுதுங்கள் தம்பி. அப்பர் பிரிவு "டாக்" என்று வந்தால் மாடல் விற்றுவிடச் சொல்லும். ஆனால் உங்கள் முழு ஷூ பிரிவுக்கு அப்பர் எங்கிருந்து வருகிறது? அதை விற்றுவிட்டால் நாளைக்கு வெளியே வாங்க வேண்டும், டெலிவரி தேதி அடுத்தவர் கையில். பிரிவுகள் ஒன்றையொன்று சார்ந்திராது என்பது பிசிஜியின் அடிப்படை, இங்கே அது பொருந்தவில்லை.

பாலாற்றங்கரை:
பிசிஜிக்கு லாட்ஜ் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரையறை முதலில் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இஎஃப்இ மேட்ரிக்ஸை (வெளிச்சூழல் காரணிகளுக்கு மதிப்புப் போடும் அட்டவணை) பாருங்கள். வெயிட் மொத்தம் 1.0, ரேட்டிங் 1 முதல் 4, சராசரி 2.5 என்று வரையறை எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தும் "2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது" என்ற வரிக்கு ரேட்டிங் 4 போடுகிறார்கள், மிகப் பெரிய ஆபத்து என்பதால். ஆபத்தின் பெருசு வெயிட்டுக்குள் போக வேண்டும். ரேட்டிங் என்பது நிறுவனம் அதற்கு எவ்வளவு நன்றாக ஈடுகொடுக்கிறது என்பது. வெயிட் 0.20 என்று வையுங்கள். அமெரிக்க ஆர்டர் ஒன்றையே நம்பியிருந்த நிறுவனத்துக்கு ரேட்டிங் 1, மதிப்பு 0.20. ஆர்டரில் பாதியை ஏற்கெனவே ஐரோப்பாவுக்கு மாற்றியிருந்த நிறுவனத்துக்கு 3, மதிப்பு 0.60. இரண்டு நிறுவனத்தை அருகருகே வைக்காமல் இந்த வித்தியாசம் எந்த வரையறையாலும் மண்டையில் ஏறாது.

கோட்டை அகழி:
ரேட்டிங் பற்றிச் சொன்னது சரி, அதை முதல் ஐந்து வாரத்துக்குள்ளேயே கொண்டுவரலாம். அப்படியென்றால் ஸ்வாட், பெஸ்டெல், ஃபைவ் ஃபோர்சஸ், ஜெனரிக் ஸ்ட்ராடஜி நாலும் லாட்ஜில். ஆறாவது வாரம் தோலுக்கு மாறிவிட வேண்டும்.

பாலாற்றங்கரை:
ஆறு போதாது, எட்டு வேண்டும் சார். ஃபைவ் ஃபோர்சஸ் எழுதி முடித்த பிறகு ஜங்ஷன் சாரின் 62.5, 79, 60 கணக்கை மறுபடி எடுத்து, இந்த முறை பிள்ளைகளே நேரில் கேட்டு வந்த வாடகையைப் போட்டுச் செய்ய வேண்டும். விசாரிக்க ஒரு வாரம், வரும் எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் திரும்பப் போய்க் கேட்க இன்னொரு வாரம்.