1696-ன் 'அட்வெஞ்சர் கேலி'யை கேமுக்குள் கொண்டுவருகிறேன்: துடுப்பு, சுக்கான், கயிறு எல்லாவற்றிலும் சந்தேகம்

உப்புக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். 2003-ல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' கேமை 'நியூ ஹரைசன்ஸ்' மாட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) போட்டு ரொம்ப நாளாக விளையாடுகிறேன். கேப்டன் கிட் ஓட்டிய, துடுப்பும் பாயும் சேர்ந்த 'அட்வெஞ்சர் கேலி' கப்பலைச் சொந்தமாகச் செய்து அதில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. கடற்கொள்ளையரைப் பிடிக்கப் போனவனே கொள்ளையன் என்று தூக்கில் தொங்கிய கதை என்பதால் அந்தக் கப்பல் மேல் ஒரு பிரியம்.

இலவசமாகக் கிடைத்த ஒரு ஃப்ரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்) மாடலை எடுத்து பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நீளத்தைக் குறைத்து, பீரங்கி வாசல்களை 34 ஆக்கி வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் மஞ்சள், கறுப்புப் பட்டை, அடியில் செம்பு நிறம், பின்தளத்தில் ஸ்டீயரிங் சக்கரம். தனியாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமில் மற்ற கப்பல்கள் பக்கத்தில் நிறுத்தினால் ஏதோ ஒட்டவில்லை. என்னவென்று பிடிபடவில்லை.

இதுபோக, இந்தக் கப்பலுக்கு 46 துடுப்பு என்று படித்தேன். அதையெல்லாம் அசைய வைக்க வழி உண்டா? 24 பவுண்டு குண்டு சுடும் பீரங்கி கொடுக்கலாமா? கடைசியாக, கேமில் ஏற்றியதும் நடுப் பாய்மரத்துக் கயிறுகள் எல்லாம் கடலுக்கடியில் ஒரே புள்ளிக்குப் போய் இறங்குகின்றன. மரத்தில் எத்தனை குண்டு பட்டாலும் அது விழுவதும் இல்லை. யாராவது கைகொடுங்கள்.

மீகாமன்:

தம்பி, ஒட்டாததற்குக் காரணம் எளிது. நீ செய்திருப்பது 1696-ன் கப்பல் இல்லை, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் காலத்துக் கப்பல். நீளத்தைக் குறைத்தாலும் நூறு வருட வித்தியாசம் குறையாது.

முதலில் அந்தச் செம்பை எடுத்துவிடு. பிரிட்டிஷ் கடற்படை அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடித்துச் சோதித்ததே 1761-ல்தான், 'அலார்ம்' என்ற கப்பலில். அதற்கு முன்பெல்லாம் கொழுப்பு, கந்தகம், பிசின் கலந்து பூசுவார்கள். பார்க்க அழுக்கு வெள்ளையாக இருக்கும். அந்தப் பூச்சு மரத்தைத் துளைக்கும் கடல் புழுவை ஓரளவுக்குத்தான் தடுக்கும். கிட் கிளம்பி இரண்டு வருடத்துக்குள் கப்பல் ஓட்டை ஒழுகலாகி, 1698-ல் மடகாஸ்கர் பக்கம் செயின்ட் மேரி தீவில் அதைக் கைவிட வேண்டி வந்தது. எனவே நீர்மட்டத்துக்குக் கீழே வெள்ளை, அதில் பச்சைப் பாசித் திட்டு, ஆங்காங்கே உரிந்த மரம் என்று டெக்ஸ்சர் (மாடல் மேல் ஒட்டும் மேற்பரப்புப் படம்) போடு. மஞ்சள், கறுப்புப் பட்டையும் நெல்சனின் டிராஃபல்கர் போர்க் காலத்து மோஸ்தர். உனக்கு வேண்டியது எண்ணெயும் தாரும் ஏறிய மரத்தின் பழுப்பு.

அடுத்தது சக்கரம். ஆங்கிலக் கப்பல்களில் சக்கரம் வந்தது 1700-களின் தொடக்கத்தில். அதற்கு முன் சுக்கான் கட்டையோடு இணைந்த ஒரு நெட்டைக் கோல்தான். சுக்கான் பிடிப்பவர் பின்தளத்துக்கு மேலே காற்றாட நிற்க மாட்டார். தளத்துக்குக் கீழே நின்று, தலைக்கு மேலுள்ள சின்னத் திறப்பு வழியாகப் பாயை மட்டும் பார்த்துக்கொண்டு, மேலிருந்து வரும் உத்தரவுக்குக் கோலை இடமும் வலமுமாகத் தள்ளுவார். சுவீடனில் கடலுக்கடியிலிருந்து எடுத்த 1628-ன் 'வாசா' கப்பலிலும் இதே ஏற்பாடுதான். மாடலில் இதைச் செய்வது ரொம்பச் சுலபம்: சக்கரத்தை நீக்கு, தளத்தில் ஒரு மரச்சட்ட வலைத் திறப்பு போடு, முடிந்தது. பாலிகனும் (மாடலை ஆக்கும் சிறு முகங்கள்) மிச்சம்.

பாய்களுக்கு வருவோம். உன் ஃப்ரிகேட்டில் முன்பக்கம் முக்கோணப் பாய் வரிசையாக இருக்குமே, அது உன் காலத்துக்கு ஆகாது. 1690-களின் மூன்று மரக் கப்பலில் மூக்குமரத்துக்கு (முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மரம்) கீழே ஒரு சதுரப் பாய் தொங்கும். மூக்குமரத்தின் நுனியிலேயே செங்குத்தாக ஒரு குட்டி மரம், அதில் இன்னொரு குட்டிச் சதுரப் பாய். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் தூரத்தில் வரும்போதே அந்தக் காலத்துக் கப்பல் என்று சொல்வது அதுதான். பின்மரத்தில் கீழ்ப்பாய் நீண்ட சாய்வுப் பருமலில் (பாயைத் தாங்கும் கட்டை) கட்டிய முழு முக்கோணம்.

அப்புறம் அளவு. என் பிழைப்பே கட்டட டிராயிங் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'அட்வெஞ்சர் கேலி'க்கு வரைபடம் கையில் இல்லை. டெப்ட்ஃபோர்டில் 1695 இறுதியில் நீரில் இறக்கியது, 287 டன், 34 பீரங்கி. இதை வைத்தே கப்பலின் அளவைப் பிடிக்கலாம். அந்தக் கால ஆங்கிலக் கணக்குப்படி டன் என்பது எடை இல்லை, ஒரு பெருக்கல்: ஏராவின் (அடிக்கட்டை) நீளம் × அகலம் × அகலத்தில் பாதி, வகுத்தல் 94. எல்லாம் அடியில்.

இனி ஒப்பிட ஒரு கப்பல் வேண்டும். 1676-ல் இதே மாதிரி துடுப்பும் பாயுமாகக் கடற்படைக்குக் கட்டிய 'சார்ல்ஸ் கேலி' இருக்கிறது. அதன் ஏரா 114 அடி, அகலம் 28½ அடி. சரியாக நாலுக்கு ஒன்று. உன் கப்பலுக்கும் கிட்டத்தட்ட அதே விகிதம் வைத்து, ஏரா 94 அடி, அகலம் 24 அடி என்று போட்டுப் பார். மேலே 94, கீழே 94, இரண்டும் அடிபட்டுப் போகும். 24 × 12 = 288. ஒரு டன்தான் வித்தியாசம்! இது ஊகம்தான், ஆனால் கணக்கோடு சேர்ந்த ஊகம். மீட்டரில் ஏறக்குறைய 28.6-க்கு 7.3. ஏரா என்பது அடிக்கட்டை மட்டும்; அதற்கு முன்னும் பின்னும் உடம்பு நீண்டிருக்கும் என்பதை மறந்துவிடாதே.

'சார்ல்ஸ் கேலி'யை ஓவியர் வான் டி வெல்டே வரைந்த படங்கள் இருக்கின்றன, தேடிப் பார். பக்கவாட்டில் கீழ்த்தளம் நெடுகத் துடுப்பு வாசல்கள் வரிசையாகப் போகும். பீரங்கிகள் பெரும்பாலும் அதற்கு மேலே. உன் மாடலிலும் அதையே வை. பக்கத்துக்கு 23 சின்னச் சதுர வாசல், எல்லாம் மூடிய கதவோடு. துடுப்பை வெளியே நீட்டவே வேண்டாம். பாய் விரித்து ஓடும்போது அவை உள்ளேதான் கிடக்கும்.

24 பவுண்டு? வேண்டாம். அந்தப் பீரங்கி ஒன்றே இரண்டரை டன் அளவுக்கு வரும். 34 ஏற்றினால் 85 டன், அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே, 24 அடி அகலக் கப்பலில். கேமில் கவிழாது என்பதற்காக ஏற்றிவிடக் கூடாது.

பிக்சல்_தச்சன்:

வரலாற்றை அண்ணன் பார்த்துக்கொண்டார், நான் கயிற்றுக்கு வருகிறேன்.

இந்த கேம் ஓடும் ஸ்டார்ம் என்ஜினில் கயிறு, பாய், கொடி, பீரங்கி எதுவும் மாடலோடு சேர்ந்து வராது. மாடலில் நீ வைக்கும் லொக்கேட்டர் (இடம் குறிக்கும்) புள்ளிகளைப் பார்த்து கேம்தான் அவற்றை வரைகிறது. ஒரு கயிற்றுக்குத் தொடக்கம், முடிவு என்று இரண்டு புள்ளி வேண்டும். கயிறெல்லாம் ஒரே இடத்தில் போய் இறங்குகிறது என்றால் முதலில் பெயர்களைப் பார். பிளெண்டரில் ஒன்றை நகல் எடுத்தால் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 001 என்று அதுவே ஒட்டிவிடும். அந்தப் பெயரை கேமுக்குத் தெரியாது. பெயர் சரியாக இருந்தால், ஏற்றுமதிக்கு முன்னால் அளவையும் திருப்பத்தையும் 'அப்ளை' செய்தாயா என்று பார். மாடலை மட்டும் சுருக்கிவிட்டு லொக்கேட்டர்களைப் பழைய அளவிலேயே விட்டாலும் இப்படித்தான் கண்ட இடத்தில் போய் நிற்கும்.

மரம் விழாதது வேறு கதை. ஒவ்வொரு பாய்மரமும் தனி மாடல் கோப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் கேம் அதை உடைத்துச் சாய்க்கும். நீ நடு மரத்தை உடம்போடு ஒட்டிவிட்டாய் என்று நினைக்கிறேன். பிரித்தெடுத்து, அதன் ஆதாரப் புள்ளியை மரத்தின் அடியில் வை. மீகாமன் சொல்லும் அந்த மூக்கு நுனிக் குட்டி மரத்துக்கும் இதே கவனம் தேவை.

துடுப்புக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கப்பல்களின் குணத்தையெல்லாம் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்டில் 'ஸ்பீட்ரேட்', 'டர்ன்ரேட்' பக்கத்திலேயே 'விண்ட்எகெய்ன்ஸ்ட்ஸ்பீட்' என்று ஒரு மதிப்பு இருக்கும். எதிர்க்காற்றில் கப்பல் எவ்வளவு ஓடும் என்பது அது. பக்கத்துக் கப்பல்களின் எண்ணைப் பார்த்து அதைவிடக் கொஞ்சம் ஏற்றிவிடு. துடுப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சதுரப் பாய்க் கப்பல்கள் திணறும் திசையில் உன் கேலி மட்டும் நகரும்.

கரையோரம்:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. விளையாடுகிறவர் பின்தளத்துக்கு நடந்து போனால் சக்கரம் இருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார். கொள்ளையர் கேம் என்றாலே அதுதானே முகம்? வரலாற்றுக்காக அதை எடுத்துவிட்டால் தளம் வெறிச்சென்று இருக்கும். வரைபடத்துக்கு சுவீடனின் கப்பல் வடிவமைப்பாளர் சாப்மன் 1768-ல் வெளியிட்ட கப்பல் வரைபடத் தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது, கோடுகள் அவ்வளவு துல்லியம். அதில் ஒன்றை எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டு ஏன் படத்தைப் பார்த்துக் கஷ்டப்பட வேண்டும்?

மீகாமன்:

கரையோரம், சாப்மன் தொகுப்பு பொக்கிஷம், அதில் சண்டையே இல்லை. பெர்முடா ஸ்லூப் (ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல்) செய்கிறவர் என்றால் நானே அதைத்தான் கையில் கொடுப்பேன். ஆனால் கிட் கிளம்பி எழுபது வருடம் கழித்து வந்த புத்தகம் அது. இந்த மாட் கப்பல்களைக் காலகட்டம் பார்த்துத்தான் கடலில் விடுகிறது. அப்படி ஒரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு காலத்தைக் கலக்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

தளம் வெறிச்சென்று இருக்கும் என்பதையும் நான் ஏற்கவில்லை. சக்கரம் இருந்த இடத்தில் மரச்சட்ட வலைத் திறப்பு. அதற்குக் கீழே கோல் பிடித்து ஓர் ஆள் நிற்கிறார், மேலிருந்து அவர் தொப்பி மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள். எந்த கேமில் பார்த்திருக்கிறோம் இதை? சக்கரம் ஆயிரம் இடத்தில் இருக்கிறது.

பிக்சல்_தச்சன் சொன்ன எதிர்க்காற்று யோசனை பிரமாதம், கதைக்கும் பொருந்துகிறது. 1697 ஆகஸ்டில் செங்கடல் வாயிலில் காற்று குறைந்து மற்ற கப்பல்கள் தத்தளித்தபோது கிட் துடுப்பை இறக்கித்தான் யாத்ரீகர் கப்பல் கூட்டத்தை நெருங்கப் பார்த்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் 'செப்டர்' கொடியேற்றிச் சுட்ட பிறகுதான் விலகிப் போனார். ஒன்று மட்டும்: எண்ணை ஏற்றும்போது ரொம்ப ஏற்றிவிடாதீர்கள். துடுப்பில் இந்தக் கப்பல் மணிக்கு மூன்று கடல் மைல் போனாலே பெரிது.

உப்புக்காற்று:

மரம் விழுந்துவிட்டது அண்ணே! பிக்சல்_தச்சன் சொன்னதுதான், உடம்போடு ஒட்டியிருந்தது. கயிற்றில் 001 வால் முளைத்த பெயர்கள் கொத்தாகக் கிடைத்தன, திருத்திக்கொண்டிருக்கிறேன். பழைய ஃப்ரிகேட்டை ஓரம் கட்டிவிட்டு 94-க்கு 24 அளவில் உடம்பைப் புதிதாகத் தொடங்கிவிட்டேன். சக்கரம் போயாச்சு (கரையோரம் மன்னிக்க).

ஒரு கடைசிக் கேள்வி. கொடி எது? மண்டையோடு போடலாமா, பிரிட்டிஷ் கொடியா?

மீகாமன்:

மண்டையோடு வேண்டாம். கிட் கிளம்பியது அரசரின் அனுமதிக் கடிதத்தோடு, கொள்ளையரைப் பிடிக்கிற வேலைக்கு. 'கெடா மெர்ச்சன்ட்' என்ற வணிகக் கப்பலை 1698 ஜனவரியில் மலபார் பக்கம் பிடித்தபோதுகூட அவர் ஏற்றியிருந்தது பிரெஞ்சுக் கொடி. எதிராளி பிரெஞ்சு பாஸை (பயண அனுமதிச் சீட்டு) எடுத்துக் காட்டட்டும் என்ற தந்திரம். எனவே உன் கொடிப் பட்டியலில் பிரெஞ்சும் ஒன்று இருக்கட்டும். அது மூவர்ணம் இல்லை, அது புரட்சிக்குப் பிறகு வந்தது. இது மன்னராட்சிக் காலத்து வெள்ளை.

சொந்தக் கொடிக்கு, பின்பக்கம் சிவப்புத் துணி, மூலையில் வெள்ளைக் கட்டத்தில் செயின்ட் ஜார்ஜின் சிவப்புச் சிலுவை. மூக்குமரத்தில் அனுமதி பெற்ற தனியார் போர்க்கப்பல்களுக்கான சிவப்புக் கொடி, அதன் மூலையில் யூனியன் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து சிலுவைகள் சேர்ந்த கொடி). இந்த இடத்தில்தான் நிறைய மாட்கள் கோட்டை விடுகின்றன. இன்றைய யூனியன் ஜாக்கை அப்படியே இறக்கி ஒட்டாதே. அதில் குறுக்காகப் போகும் சிவப்புக் கோடுகள் அயர்லாந்துக்காக 1801-ல் சேர்ந்தவை. அதை அழித்தால் நீலத்தில் வெள்ளைக் குறுக்கு, மேலே சிவப்புச் சிலுவை, அதுதான் உன்னுடையது.

வெளியிடும் முன் இன்னொன்று: தொடக்கத்தில் எடுத்த அந்த இலவச ஃப்ரிகேட்டிலிருந்து பீரங்கியோ நங்கூரமோ ஏதாவது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார். வேறு கேமிலிருந்து உருவிய மாடல்கள் இலவசம் என்ற பெயரில் நிறையச் சுற்றுகின்றன, அப்படி இருந்தால் பதிவேற்றிய இடத்தில் நீக்கிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் போடும்போது பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கத்திலிருந்து ஒன்று போடு. மூக்கு நுனிக் குட்டி மரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.