மே மாதம் ஊட்டி: கூட்டத்தில் சிக்காமல் போய்வர வழி உண்டா?

சில்வர்பீச்_வீடு:
கடலூரில் இப்போதே புழுக்கம் தாங்கவில்லை. கத்திரி தொடங்கிவிட்டால் மாமியாரால் வீட்டில் உட்காரவே முடியாது, ராத்திரியில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஊட்டி போகலாம் என்று இருக்கிறோம். ஆனால் போன வருஷம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் வண்டி நகரவே இல்லை, ஊட்டி டவுன் சேரிங் கிராஸில் நடக்கக்கூட இடமில்லை என்று சொன்னதைக் கேட்டுப் பயமாக இருக்கிறது. மாமியாருக்கு முட்டிவலி, வரிசையில் நிற்க முடியாது. சொந்தக் கார் இருக்கிறது, வார நாளில் லீவு போட வீட்டுக்காரர் தயார். நிம்மதியாகக் குளிரில் நாலு நாள் இருந்துவிட்டு வர என்ன செய்யலாம்? வேறு மலைக்குப் போங்கள் என்றாலும் சொல்லுங்கள்.

வட்டம்21_நெய்வேலி:
அக்கா, இடத்தைவிடத் தேதிதான் முக்கியம். மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2025-இல் அது மே 15 முதல் 25 வரை நடந்தது. அது மட்டுமில்லை, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைப் பொருள் கண்காட்சி, ஊட்டியில் ரோஜா, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம் என்று மே மாதம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும், அதுவும் பெரும்பாலும் சனி ஞாயிறை ஒட்டித்தான். பரீட்சை ஏப்ரலில் முடிந்துவிடும் என்றால் ஏப்ரல் கடைசி வாரத்திலேயே கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டி மலை ஏற ஆன்லைனில் எடுக்கும் அனுமதி. நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டாயம். 2025 சீசனில் வண்டிக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000, கொடைக்கானலுக்கு 4000, 6000. அதனால் ரூம் போடுவதற்கு முன்னால் பாஸ் எடுங்கள். ரூமுக்கு முழுப் பணம் கட்டிவிட்டுப் பாஸ் கிடைக்காமல் அலைபவர்கள் நிறைய. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் முட்டிவலியோடு பஸ் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வில்லியனூர்_வாசி:
புதுச்சேரியில் எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெளியூர் வண்டிகள் வெள்ளி ராத்திரி வந்து இறங்கும், ஞாயிறு சாயங்காலம் கிளம்பும், செவ்வாய்க்கிழமை கடற்கரைச் சாலையில் காற்று வாங்கத் தாராளமாக இடம் இருக்கும். ஊட்டியும் அதே கணக்குதான். திங்களன்று ஏறுங்கள், வெள்ளி காலையில் இறங்கிவிடுங்கள். கடலூரிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டி மத்தியானம் மலை ஏற வேண்டாம். ஞாயிறு ராத்திரி மேட்டுப்பாளையத்தில் தங்கி விடிகாலையில் கல்லாறு செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் பத்து மணி நெரிசலில் மாட்ட மாட்டீர்கள்.

தங்குவதை ஊட்டி டவுனில் வைக்காதீர்கள், கோத்தகிரியில் வையுங்கள். சுமார் 1800 மீட்டர் உயரம், குளிருக்குக் குறைவில்லை, ஊட்டி 30 கிலோமீட்டர்தான். கோடநாடு காட்சிமுனைக்குத் தேயிலைத் தோட்டம் வழியாகக் காரிலேயே போய்விடலாம், அதிக நடை இல்லை, கீழே மாயாறு பள்ளத்தாக்கு அப்படியே தெரியும். மாமியாருக்கு அது பிடிக்கும். ஊட்டிக்கு ஒரு நாள் போனால் போதும், அதுவும் பொட்டானிக்கல் கார்டன் காலையில் திறந்தவுடனே உள்ளே போய், கூட்டம் சேரும்போது வெளியே வந்துவிட வேண்டும். படகு இல்லத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அழுதாலும் பரவாயில்லை.

வட்டம்21_நெய்வேலி:
கோத்தகிரி நல்ல யோசனைதான், ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். சீசனில் ஒருவழிப் பாதை போடுவார்கள்: குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அந்த நாளில் போனால் குன்னூர் போய் அங்கிருந்துதான் கோத்தகிரிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். மேட்டுப்பாளையத்திலேயே போலீசிடம் கேட்டுவிடுங்கள், மேப் சொல்வதை நம்பி ஏறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பண்ருட்டி_பலா:
எல்லோரும் ஊட்டியையே சொல்கிறீர்கள். நாலு நாள் இல்லாமல் இரண்டு நாள் போதும் என்றால் ஏற்காடு. விருத்தாசலம், சின்னசேலம் வழியாகச் சேலம் போய், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும். கோடை விழா நாட்களையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்தால் ஏரியைச் சுற்றிக்கூட அமைதியாக இருக்கும். அடிவாரம் பாதை நெரிசலாக இருந்தால் குப்பனூர் வழி இருக்கிறது. ஆனால் சுமார் 1500 மீட்டர்தான், மே பகலில் ஸ்வெட்டர் போடும் குளிரை எதிர்பார்க்காதீர்கள்.

பக்கத்திலேயே இருக்கிறது என்று கல்வராயன் மலையை யாராவது சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த மலை, கூட்டமே இருக்காது. ஆனால் உயரம் குறைவு, கோடையில் மேகம் அருவியில் தண்ணீரும் பெரிதாக இருக்காது, தங்க வசதியும் குறைவு. மழை முடிந்ததும் போக வேண்டிய இடம் அது. வயதானவர்களை மே மாதம் அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

சில்வர்பீச்_வீடு:
எல்லோருக்கும் நன்றி. ஏப்ரல் கடைசித் திங்கள், கோத்தகிரி என்று முடிவு செய்துவிட்டோம், இன்றைக்கே பாஸ் போடப் போகிறேன். பிள்ளைகள் மலை ரயில் கேட்கிறார்கள். டிக்கெட் கிடைக்குமா?

வில்லியனூர்_வாசி:
மேட்டுப்பாளையத்தில் காலை ஏறும் வண்டிக்கு முன்பதிவு திறந்த உடனேயே தீர்ந்துவிடும், அதுவும் ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும், மாமியாருக்குச் சிரமம். குன்னூர்–ஊட்டி மட்டும் பாருங்கள். நீங்கள் நாலு பேரும் ரயிலில் ஏறுங்கள், வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு ஊட்டி ஸ்டேஷனுக்கு வந்துவிடட்டும். ரூம் போடும்போது படிக்கட்டு எத்தனை என்று கேட்டுவிடுங்கள், அங்கே ரோட்டிலிருந்து கீழே இறங்கிப் போகும் வீடுகள்தான் அதிகம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகாதீர்கள், செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள்.