பேராலயக் கூரை ஓட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மதுரை, திங்கள் இரவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வியன்னா பற்றிய பயண நூலொன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். புனித ஸ்டீபன் பேராலயத்தின் கூரைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அந்தக் கூரையை நேரில் பார்த்திருக்கிறேன். லிஃப்டில் வடக்குக் கோபுரத்துக்குப் போனால் கூரைச் சரிவு கிட்டத்தில் விரிகிறது. ஏறத்தாழ 2,30,000 ஓடுகள். பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடுகள் மடங்கி மடங்கிப் போகின்றன, கோரைப்பாயில் நெய்த மாதிரி. அன்று மழை விட்டிருந்தது. அத்தனை ஓடும் மின்னியது. ‘வண்ண ஓடு’ என்று எழுத மனம் வரவில்லை. சாயம் பூசிய ஓடு என்று ஆகிவிடும். அது மண்ணின்மேல் கண்ணாடியாக உருகிப் படிந்த பூச்சு. இப்போதைக்கு ‘மெருகோடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

தஞ்சாவூர், செவ்வாய் காலை

அம்மா, ‘மெருகோடு’ வேண்டாம். ‘மெருகோடு வேய்ந்த கூரை’ என்று எழுதிப் பாருங்கள். மூன்றாம் வேற்றுமை உருபு வந்து உட்கார்ந்துகொள்ளும். மெருகுடன் வேய்ந்த கூரை என்றுதான் படிப்பார்கள். ‘மண்டையோடு’ பழக்கத்தால் தப்பித்தது. புதுச்சொல்லுக்கு அந்தப் பழக்கம் ஏது?

‘பளிங்கு ஓடு’ என்று பிரித்தே எழுதுங்கள். ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்கிறது குறள். எதிரில் உள்ளதைத் தன்னிடம் காட்டுவது பளிங்கு. உங்கள் கூரை வானத்தைக் காட்டுகிறது. ஓட்டுக்கும் பழைய சொல் கிடைக்கும். பெரும்பாணாற்றுப்படையில் ‘சுடுமண் ஓங்கிய நெடுநகர்’ என்று வருகிறது. அங்கே பொருள் செங்கல் என்றாலும், சுட்ட மண் ஓட்டுக்கும் பொருந்தும். ‘பளிங்குச் சுடுமண்’ என்றுகூட ஆளலாம்.

கோவை, செவ்வாய் மதியம்

ஐயா, மன்னிக்க வேண்டும். பளிங்கு என்றால் இன்றைய வாசகருக்குத் தாஜ்மஹால்தான் நினைவுக்கு வரும். கூரைக்கு மார்பிள் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நான் கட்டடப் பொறியாளன். பொருள் எப்படி வேலை செய்கிறதோ அதிலிருந்து சொல் பிறக்கட்டும் என்பேன். சிலிக்காப் பொடியோடு உலோக ஆக்சைடுகளைக் கலந்து பூசிச் சூளையில் வைத்தால் உருகிக் கண்ணாடிப் படலமாகிறது. செம்பு பச்சை தரும்; இரும்பு மஞ்சளும் பழுப்பும் தரும். நம் நாட்டு ஓடு மழைநீரைக் குடிக்கும், பாசி பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் குளிரில் ஓடு குடித்த நீர் உறைந்து விரிந்தால் ஓடே பிளந்துபோகலாம். ஆகவே பூச்சு அழகும் தருகிறது, காவலும் தருகிறது. சரிவு மிகச் செங்குத்தாக இருப்பதால் மழையே கூரையைக் கழுவிவிடும்.

ஊறுகாய் ஜாடியின் பளபளப்பு எல்லாருக்கும் தெரியும். ‘பீங்கான் பூச்சு ஓடு’ என்றால் என் பாட்டிக்கும் புரியும்.

தஞ்சாவூர், செவ்வாய் இரவு

பீங்கான் பாரசீகத்திலிருந்து வந்த சொல், தம்பி. நம் சொல்லைப் புழங்கவிட்டால்தானே அது புரிகிற சொல்லாகும்? ‘பேருந்து’ வந்த புதிதில் எத்தனை பேருக்குப் புரிந்தது?

சிங்கப்பூர், புதன் காலை

மட்பாண்டம் செய்யக் கற்றுத்தருகிறேன், அதனால் ஒரு வார்த்தை. பீங்கான் என்பது பாண்டத்தின் உடலுக்குப் பெயர். இந்த ஓட்டின் உடல் சாதாரணச் சுட்ட களிமண். ‘மெருகு’ என்பதிலும் எனக்குச் சிக்கல் உண்டு. காயாத பானையைக் கூழாங்கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்குவதை வகுப்பில் மெருகிடுதல் என்கிறேன். அது தேய்ப்பு, இது உருக்கம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர்கள் குழம்புகிறார்கள். எனக்குக் ‘கண்ணாடிப்பூச்சு’ போதும்.

யாழ்ப்பாணம், புதன் இரவு

அக்கா, இடையில் ஒன்று. தென்பக்கச் சரிவில் ஹாப்ஸ்பர்க் அரசமரபின் இரட்டைத்தலைக் கழுகு இருக்குமே, அதை எப்படி எழுதினீர்கள்? அகநானூற்றின் ‘இருதலைப்புள்’ கைவசம் இருக்கிறதே.

தஞ்சாவூர், வியாழன் காலை

அது வேண்டாம். ‘இருதலைப் புள்ளின் ஓருயிர்’ என்று கபிலர் பாடியது பிரிய முடியாத அன்பை. பேரரசின் சின்னத்துக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மதுரை, வியாழன் இரவு

ஐயா சொல்வது சரி. ‘இருதலைக் கழுகு’ என்றே விட்டிருக்கிறேன். வடபக்கத்தில் வியன்னா நகரத்தின் சின்னமும் ஆஸ்திரியாவின் சின்னமும் இருக்கின்றன, 1950 என்ற ஆண்டோடு. 1945 ஏப்ரலில் தீப்பற்றி, லார்ச் மரச்சட்டங்களோடு பழைய கூரை முழுதும் போய்விட்டது. இப்போது ஓடுகளைத் தாங்குவது எஃகு. நான் அண்ணாந்து பார்த்தது என் அப்பாவின் வயதுள்ள கூரை என்று பிறகுதான் தெரிந்தது. அதனாலேயே சொல்லும் இன்றைக்குப் புரிவதாக இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

‘கண்ணாடிப்பூச்சு ஓடு’ என்று போடுகிறேன். மூன்று பேர் ஒத்துக்கொள்கிறோம். நீளம்தான், ஆனால் நாளைக்குள் இதைவிட நல்லது கிடைக்காது.

தஞ்சாவூர், வெள்ளி விடியல்

சரி அம்மா, அனுப்பிவிடுங்கள். கடைசியில் சொற்பட்டியல் போடுவீர்களானால் ‘பளிங்கு ஓடு’ என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். கண் பார்க்கும் ஆடிதான் கண்ணாடி. முகம் பார்ப்பதற்கு இருந்த சொல் சன்னலுக்கும் ஜாடிக்கும் போனது பிற்பாடு. அதை ஏற்ற வாசகர் பளிங்கையும் ஏற்பார் என்றே இன்னும் நினைக்கிறேன்.