நாளை மாலை 5 மணிக்குள்

குழு: கோவில்பட்டிக் குடும்பம்
செவ்வாய்க்கிழமை

பவித்ரா (இரவு 7.42)
எல்லாருக்கும் ஒரு விஷயம். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசை போடும் சாய்ஸ் ஃபில்லிங் நாளை மாலை 5 மணியோடு முடிகிறது. இதுவரை 14 போட்டிருக்கிறேன். அப்பா மூன்றை எடுக்கச் சொல்கிறார். அந்த மூன்றும் சென்னை.

பெரியப்பா (7.44)
கட்ஆஃப் எவ்வளவு என்று மறுபடி சொல்லு தாயி.

பவித்ரா (7.45)
191.5 பெரியப்பா. கணக்கு 97. இயற்பியல் 94, வேதியியல் 95. அவை இரண்டும் பாதியாகி 47, 47.5.

பெரியப்பா (7.47)
இதற்கு ஊர்ப் பக்கமே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். காலையில் காலேஜ் பஸ், சாயங்காலம் வீடு. மெட்ராஸ் எதற்கு?

அப்பா (7.48)
அதைத்தான் அண்ணே நானும் சொல்கிறேன்.

மீனா சித்தி (7.50)
அத்தான், அந்த மூன்றும் என்னவென்று கேட்டீர்களா?

அப்பா (7.51)
கிண்டி சிவில். கிண்டி ஜியோ என்னவோ. அப்புறம் குரோம்பேட்டை எம்ஐடி.

கார்த்திக் அண்ணா (7.51)
ஜியோ என்னவோவா! மூன்று வருடமாக நான் படிப்பதே அதுதான் பெரியப்பா. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ்.

மீனா சித்தி (7.52)
பெற்ற எனக்கே சொல்ல வராது. யாராவது கேட்டால் மேப் போடுகிறான் என்று சொல்லிவிடுவேன்.

கார்த்திக் அண்ணா (7.53)
மேப்தான் அம்மா. அந்தக் காலேஜே அதற்காகத்தான் தொடங்கியது. 1794ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது, சர்வே பள்ளி வைத்தான். அதுதான் வளர்ந்து இன்றைய சிஇஜி, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். அண்ணா பல்கலைக்கழகம் வந்ததே 1978ல்தான். கவுன்சலிங்கில் எங்கள் காலேஜ் குறியீடு வெறும் 1.

பெரியப்பா (7.55)
குறியீடு கிடக்கட்டும். இந்தப் பிள்ளை கிண்டியை மேலே போட்டு, அது கிடைக்காமல் போனால் கீழே உள்ளதும் போய்விடாதா? அதுதான் என் பயம்.

கார்த்திக் அண்ணா (7.58)
போகாது பெரியப்பா. எல்லாரும் இதில்தான் குழம்புகிறார்கள். ரேங்க் வரிசைப்படி அவள் முறை வரும். கம்ப்யூட்டர் அவள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும், எது காலியோ அதில் நிற்கும். முதல் பத்து கிடைக்காவிட்டாலும் பதினொன்றாவதற்கு அவள் உரிமை அப்படியே இருக்கும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், காசு கிடையாது. கிடைக்குமா என்று யோசித்து வரிசை போடக் கூடாது, பிடிக்குமா என்று யோசித்துப் போட வேண்டும்.

சுந்தர் மாமா (8.01)
இப்போதுதான் வங்கியிலிருந்து வந்தேன். கார்த்திக் சொல்வது சரி. இன்னொன்று, பவி, பிரவுசிங் சென்டரில் கொடுத்தாயா?

பவித்ரா (8.02)
இல்லை மாமா, போனிலேயே போடுகிறேன்.

சுந்தர் மாமா (8.04)
நல்லது. போன வருடம் எங்கள் தெருப் பையன் ஒரு சென்டரில் லாகின், பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்துவிட்டான். ஓடிபி போவது அந்த ஆளின் நம்பருக்கு. பார்த்தால் முதல் ஐந்து இடத்தில் பையன் கேள்விப்படாத காலேஜ்கள். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருந்திருக்கும். கடைசி நாள் மதியம் அவன் அக்கா கண்ணில் பட்டது, தப்பித்தான்.

பெரியப்பா (8.05)
அடப்பாவி.

அப்பா (8.11)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா சித்தி (8.12)
என்ன அத்தான் அழித்தீர்கள்?

பவித்ரா (8.13)
சித்தி, அப்பா கடலை மிட்டாய்ப் பட்டறையில் பாகுக்குப் பதம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, எடுத்துக் கல்லில் தட்டி சத்தம் கேட்பார். அந்தக் கையோடு போனைத் தொட்டால் திரையெல்லாம் வெல்லம். அழித்ததை நான் பார்த்துவிட்டேன். “விடுதிக்கு மாசம் எவ்வளவு ஆகும்” என்று கேட்டிருந்தார்.

(இரண்டு நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை)

சுந்தர் மாமா (8.15)
இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது அத்தான். கணக்குப் போட்டுவிடுவோம். தனியாரில் அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்கு 2017ல் கட்டண நிர்ணயக் குழு வைத்ததே ஆண்டுக்கு 50,000. தரச் சான்று உள்ள பிரிவுக்கு 55,000. காலேஜ் பஸ் தனி, சீருடை தனி. பல்கலைக்கழகத்தில் அதைவிடக் குறைவு. அதோடு பவிக்குக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்று இருக்கிறதே?

பெரியப்பா (8.16)
இதை நானே கேட்க நினைத்தேன். நான் பி.ஏ. அது அவளுக்குக் குறுக்கே வராதா?

சுந்தர் மாமா (8.18)
வராது பெரிய அத்தான். அவர்கள் பார்ப்பது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப் பிறந்தவர்கள். அதில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. பவியின் அண்ணன் டிப்ளமோ, அது பட்டக் கணக்கில் வராது. உங்கள் பி.ஏ.வை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா (8.18)
நாற்பது வருடத்தில் முதல் தடவை அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று கேட்கிறேன்.

பவித்ரா (8.20)
சான்று கையில் இருக்கிறது மாமா, இ-சேவையில் போட்டு வாங்கினோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில்தான் நான் வர முடியாது. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. அடுத்த தெருவில் இருந்த அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தால் கட்டணம், விடுதி எல்லாமே அரசு கட்டியிருக்கும்.

மீனா சித்தி (8.21)
அப்போது யாருக்குத் தெரியும் கண்ணு. ஆனால் புதுமைப் பெண் திட்டத்து உதவித்தொகை உனக்கு உண்டு. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கும் 2024லிருந்து கொடுக்கிறார்கள். மாசம் 1,000, உன் கணக்கிலேயே விழும்.

கார்த்திக் அண்ணா (8.26)
விடுதிச் செலவு நான் சொல்கிறேன் பெரியப்பா. எங்கள் மெஸ் டிவைடிங் முறை. மாதம் முடிந்ததும் அரிசி, காய், கேஸ், கூலி எல்லாம் கூட்டி, சாப்பிட்ட தலைகளுக்குப் பங்கு போடுவார்கள். மாதத்துக்கு மாதம் மாறும். எனக்கு மூவாயிரத்தைச் சுற்றி வரும், சிக்கன் கூடுதலாகப் போன மாதம் இன்னும் ஏறும். தோசை நாளில் மட்டும் நேரத்துக்குப் போக வேண்டும், ஒன்பதரைக்குப் போனால் சட்னிப் பாத்திரத்தைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். சேரும்போது விடுதி முன்பணம் என்று ஒரு தொகை மொத்தமாகக் கேட்பார்கள், அதற்குத்தான் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும்.

கார்த்திக் அண்ணா (8.28)
மினி டிராஃப்டர், டிராயிங் போர்டு, கால்குலேட்டர் எதுவும் வாங்க வேண்டாம். என்னுடையது இருக்கிறது. எனக்கும் ஒரு சீனியர் கொடுத்ததுதான், அதில் நாலு பேர் பெயர் கீறியிருக்கிறது. படிக்க எதிரே அண்ணா நூற்றாண்டு நூலகம், ஏசி சும்மா. வெளியே போக அவளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது.

சுந்தர் மாமா (8.30)
குறைகிற பணத்துக்குக் கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, கையிலிருந்து ஒரு பங்கு போடு என்றும் சொல்லக் கூடாது. வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டமும் உண்டு. வித்யாலட்சுமி தளத்தில் போடலாம். அலாட்மென்ட் வரட்டும், நான் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

பெரியப்பா (8.33)
பணம் சரி. பொம்பளைப் பிள்ளை சிவில் படித்து வெயிலில் நிற்கவா? கம்ப்யூட்டர் என்றால் நிழலில் வேலை.

மீனா சித்தி (8.36)
அண்ணாச்சி, அந்தக் காலேஜில் 1940களிலேயே மூன்று பெண்கள் படித்து வெளியே வந்துவிட்டார்கள். லலிதா எலக்ட்ரிக்கல். லீலம்மா ஜார்ஜும் தெரேசியாவும் சிவில். தெரேசியா பிறகு கேரளப் பொதுப்பணித் துறைக்கே தலைமைப் பொறியாளர். உங்கள் தம்பி மகள் வெயிலுக்குக் கரைந்து போக அவள் என்ன வெல்லமா?

ஆச்சி (8.38)
குரல் செய்தி, 0.09
(பவித்ரா: ஆச்சி, “வெல்லம் காய்ச்சுகிற வீட்டுப் பிள்ளைதானே, சூடு புதுசா” என்கிறாள்)

பவித்ரா (8.41)
பெரியப்பா, எனக்குப் பொதுப்பணித் துறையில் ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர் ஆக வேண்டும். கம்ப்யூட்டர் பிடிக்காது என்றில்லை. எல்லாரும் போகிறார்கள் என்பதற்காகப் போகத் தோன்றவில்லை. உண்மையான பயம் வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. அங்கே முதல் நாளே எல்லாம் இங்கிலீஷில் ஓடினால்?

கார்த்திக் அண்ணா (8.47)
ஓடும். பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் முதல் செமஸ்டரில் கணக்கு புரியும், சார் சொல்வது புரியாது. போர்டில் எழுதுவதை அப்படியே வரைந்துகொண்டு வந்து ராத்திரி ரூமில் பிரித்துப் படிப்போம். எங்கள் ரூமில் மூன்று பேர் தமிழ் வழிதான். டிசம்பருக்குள் பழகிவிட்டது. ஒருத்தனுக்கு மட்டும் ஒரு அரியர், அதையும் அடுத்த முறை முடித்துவிட்டான். வருகை 75 சதவீதம் இருந்தால் போதும் என்று டெக்கோஃபெஸ் கலைவிழா சமயத்தில் சுற்றினான், அதற்கு மொழி பொறுப்பில்லை.

கார்த்திக் அண்ணா (8.49)
ஆனால் பவி, பட்டியலில் எக்ஸ்சி என்று ஒரு பிரிவு பார்த்தாயா? சாதாரண சிவில் சிஇ. எக்ஸ்சி என்றால் தமிழ் வழி சிவில். கிண்டியில் 2010லிருந்து இருக்கிறது.

பவித்ரா (8.50)
பார்த்தேன். ஏதோ தப்பான கோடு என்று விட்டுவிட்டேன்!

சுந்தர் மாமா (8.53)
விடாதே. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று பிறகு இறுக்கிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் ஏற்கெனவே உன் கையில் இருக்கிறது. பி.இ.யும் தமிழ் வழி என்றால் ஏஇ தேர்வில் அது உனக்கு உதவும். ஆங்கில வழியில் பி.இ. சேர்ந்தால் அதற்கு அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

பெரியப்பா (8.55)
அரசு வேலை கிடைக்காவிட்டால்? தமிழில் படித்த பிள்ளையைக் கம்பெனிக்காரன் எடுப்பானா?

கார்த்திக் அண்ணா (8.58)
நியாயமான கேள்வி பெரியப்பா. இன்டர்வியூ இங்கிலீஷில்தான் நடக்கும். எக்ஸ்சி பையன்கள் அதற்குத் தனியாகத் தயார் செய்கிறார்கள், சிலருக்குக் கஷ்டம்தான். பாடம் அதேதான், லேப் அதேதான். தகைவு என்று படித்தவன் ஸ்ட்ரெஸ் என்றும் சொல்லப் பழக வேண்டும், அவ்வளவு.

பவித்ரா (9.20)
வரிசையை மாற்றிவிட்டேன்.
1 கிண்டி எக்ஸ்சி
2 கிண்டி சிஇ
3 கிண்டி ஜியோ என்னவோ
4 எம்ஐடி
அப்புறம் மதுரை, திருநெல்வேலி. அப்பாவும் பெரியப்பாவும் சொன்ன ஊர்ப் பக்கத்து கம்ப்யூட்டர் 11-ல் இருக்கிறது. எதையும் எடுக்கவில்லை.

கார்த்திக் அண்ணா (9.21)
நீயுமா!! சேமித்தாயா? சேமித்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் வரிசையைப் பார். பிடிஎஃப் எடுத்து இங்கே போடு. தற்காலிக அலாட்மென்ட் வந்ததும் சும்மா இருந்துவிடாதே, உறுதி செய்தால்தான் சீட். பாதியில் உள்ளது வந்தால் அதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ளதற்கும் காத்திருக்கலாம், அந்த ஆப்ஷன் தனியாக இருக்கும்.

பெரியப்பா (9.24)
11-ஐ 8-க்காவது ஏற்று தாயி.

பவித்ரா (9.24)
ஒன்பது?

பெரியப்பா (9.25)
சரி, ஒன்பது.

அப்பா (9.40)
குரல் செய்தி, 0.14
(பவித்ரா: அப்பா, “நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எத்தனை மணிக்கு இறக்கிவிடும், தாம்பரத்தில் இறங்க வேண்டுமா எழும்பூரா” என்று கேட்கிறார்)

மீனா சித்தி (9.41)
அத்தான், இன்னும் அலாட்மென்ட்டே வரவில்லை!

அப்பா (9.43)
தெரியும் மீனா. டிக்கெட் தீர்ந்துவிடும் என்றுதான் கேட்டேன்.

கார்த்திக் அண்ணா (9.44)
எழும்பூர் பெரியப்பா. வரும்போது கடலை மிட்டாய் 2 கிலோ. உருண்டை வேண்டாம், சதுரம். ரூமில் ஏழு பேர்.