மே 1 அன்று கொக்குல்லோ: பாம்புத் திருவிழாவைக் காணச் செல்லலாமா?

தாழம்பூ கேட்கிறார்:

வணக்கம். ஏப்ரல் இறுதியில் குடும்பத்துடன் ரோம் நகருக்குச் செல்கிறோம். இத்தாலியின் அப்ருத்சோ மலைப்பகுதியில் உள்ள கொக்குல்லோ என்ற சிற்றூரில், மே முதல் நாளன்று புனிதர் ஒருவரின் திருவுருவத்தின்மேல் உயிருள்ள பாம்புகளைப் படரவிட்டுப் பவனி எடுத்துச் செல்வார்கள் என்று படித்தோம். பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு ஊர்வன பற்றி அறிவதில் மிகுந்த ஆர்வம் உண்டு. இந்த ஊரைத் தேடிக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஆனால் அந்தப் பாம்புகள் துன்புறுத்தப்படுகின்றனவா என்பது தெரியாமல் அவளை அழைத்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊராரின் வழிபாட்டில் வெளியாட்கள் போய் நிற்பது முறையா என்ற தயக்கமும் இருக்கிறது. ரோமிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்பதையும் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைவழி எழுதுகிறார்:

போகலாம், ஆனால் விழாவுக்கு முந்தைய நாளே கிளம்பிவிடுங்கள். கொக்குல்லோ லாக்விலா மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோமிலிருந்து பெஸ்காரா நோக்கிச் செல்லும் ஏ25 நெடுஞ்சாலையில் இவ்வூரின் பெயரிலேயே ஒரு வெளிவழி உண்டு. காரில் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். ரோம்–சுல்மோனா ரயில் பாதையில் ஊருக்கென ஒரு நிலையமும் இருக்கிறது என்றாலும், அங்கு நிற்கும் ரயில்கள் குறைவு என்பதால் திரும்பும் வண்டியின் நேரத்தை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 200 பேர் மட்டுமே வாழும் ஊரில் அன்று ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். காலை பத்து மணிக்கு வருபவர் காரை நெடுந்தொலைவில் நிறுத்திவிட்டு ஏறி நடக்க வேண்டியிருக்கும். சுல்மோனாவில் இரவு தங்குவது நல்லது. ரோமானியக் கவிஞர் ஓவிட் பிறந்த ஊர் அது. சர்க்கரை பூசிய பாதாம் மிட்டாய்க்கும் பெயர் பெற்றது.

கல்லூற்று எழுதுகிறார்:

வழியைப் பற்றி நண்பர் சொல்லிவிட்டார். விழாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் பாம்புகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு அந்த நாளின் பெரும்பகுதி பிடிபடாமலே போய்விடுகிறது.

விழாவின் நாயகர் புனித தொமேனிக்கோ. இவர் தொமினிக்கன் சபையை நிறுவியவர் அல்லர். அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முற்பட்டவர். 951இல் ஃபொலிஞ்ஞோவில் பிறந்து, மத்திய இத்தாலியின் மலைகளில் துறவியாக அலைந்து, பல மடங்களை நிறுவி, 1031இல் சோராவில் இறந்தார். கொக்குல்லோ மக்களுக்குத் தம் பல் ஒன்றையும், தாம் ஏறிவந்த கோவேறு கழுதையின் லாடத்தையும் அவர் விட்டுச் சென்றதாக மரபு சொல்கிறது. இரண்டும் திருப்பண்டங்களாக ஆலயத்தில் காக்கப்படுகின்றன. பாம்புக்கடி, வெறிநாய்க்கடி, பல்வலி ஆகிய மூன்றிலிருந்தும் அவர் காப்பார் என்பது நம்பிக்கை. மந்தை மேய்த்தும் கல் நிறைந்த நிலத்தை உழுதும் பிழைத்த மலைமக்களுக்கு இவை அன்றாடம் எதிர்ப்பட்ட ஆபத்துகள் என்பதை நினைவில் வைத்தால், இந்த வழிபாட்டின் எந்தப் பகுதியும் விந்தையாகத் தோன்றாது.

ஆகவே காலையிலேயே ஆலயத்திற்குள் செல்லுங்கள். அங்கே வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக மணிக்கயிற்றைப் பற்களால் கடித்து இழுத்து மணியடிப்பார்கள். பற்களுக்கு நோய் வராதிருக்க வேண்டிக்கொள்ளும் முறை அது. ஆலயத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று தங்கள் வயலிலும் வீட்டைச் சுற்றியும் தூவுபவர்களும் உண்டு. அண்டைப் பகுதியான லாட்சியோவிலிருந்து பாடிக்கொண்டே வரும் யாத்திரிகர்களையும் காண்பீர்கள். திருப்பலிக்குப் பின், நண்பகல் வேளையில் திருவுருவம் சதுக்கத்திற்கு வரும்போது, செர்பாரி என்று அழைக்கப்படும் பாம்புபிடிப்பவர்கள் தாங்கள் கொண்டுவந்த பாம்புகளை அதன் தோளிலும் கழுத்திலும் இடுவார்கள். பவனியில் மரபுடை அணிந்த இளம்பெண்கள் இருவர், வளைய வடிவ ரொட்டிகள் ஐந்து வைத்த கூடைகளைத் தலையில் சுமந்து நடப்பார்கள். அந்த ரொட்டிகள் திருவுருவத்தையும் கொடியையும் தூக்குவோருக்கு உரியவை.

இப்பகுதியில் பண்டைக்காலத்தில் வாழ்ந்த மார்சி மக்கள் அங்கித்தியா என்ற தெய்வத்தை வணங்கினர். பாம்புகளை வசப்படுத்துவதில் அவர்கள் வல்லவர்கள் என ரோமானிய எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள். இன்றைய விழா அதன் நேரடித் தொடர்ச்சி என்று பலரும் உறுதியாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான காலம் கிடக்கிறது. இருந்தாலும் அதே மலைகளில் பாம்போடு பழகும் கலை மறையாமல் இருந்திருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

புற்றடி எழுதுகிறார்:

பாம்புகள் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை சொல்கிறேன். பிடிக்கப்படுபவை அனைத்தும் நஞ்சற்றவை, நான்கு இனங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் முதன்மையானது செர்வோனே எனப்படும் நான்குவரிப் பாம்பு. ஐரோப்பாவின் நீளமான பாம்புகளுள் ஒன்றான இது மிகவும் சாதுவானது. சயெத்தோனே, பியாக்கோ, கழுத்தில் வளையம் போன்ற கோடுடைய புல்பாம்பு ஆகியவை மற்றவை. பியாக்கோ சட்டெனக் கடித்துவிடும். நஞ்சில்லை என்றாலும் குழந்தைகள் அதை எட்டி நின்று பார்ப்பதே நல்லது.

நான்குவரிப் பாம்பு ஐரோப்பியச் சட்டத்தால் காக்கப்படும் இனம் என்பதால், விழாவுக்கெனச் சிறப்பு அனுமதியின்பேரிலேயே அவற்றைப் பிடிக்கிறார்கள். பனி உருகி, பாம்புகள் குளிர்கால உறக்கத்திலிருந்து வெளிவரும் நாட்களில் செர்பாரி மலைச்சரிவுகளில் தேடத் தொடங்குவார்கள். பிடிபட்டவற்றை உயிரியலாளர்கள் அளந்து, உடல்நலம் பார்த்து, அடையாளச் சில்லு பொருத்திப் பதிவு செய்கிறார்கள். விழா முடிந்தபின் அவை பிடித்த இடத்திலேயே விடப்படுகின்றன. கூட்டமும் இரைச்சலும் எந்தப் பாம்புக்கும் உகந்தவை அல்ல என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் வேறு ஊர்களில் கண்டவுடன் அடித்துக் கொல்லப்படும் ஓர் உயிரை இங்கே சிறுவர்கள்கூட அச்சமின்றிக் கையில் ஏந்தக் கற்றிருக்கிறார்கள் என்பதும், ஆண்டுதோறும் சேரும் பதிவுகளால் அறிவியலுக்குக் கிடைக்கும் பயனும் என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானவை.

மலைவழி மீண்டும் எழுதுகிறார்:

விழா நாள் காலையிலேயே ஆலயத்துக்குச் செல்வது பற்றி என் கருத்து சற்று வேறு. விழா முன்பு மே மாதத்தின் முதல் வியாழக்கிழமை நடந்தது. 2012 முதல் விடுமுறை நாளான மே 1க்கு மாற்றினார்கள். பிழைப்புக்காக வெளியேறியவர்கள் திரும்பி வர அது வழி செய்தது உண்மைதான். ஆனால் நெரிசலும் அதனோடு வந்துவிட்டது. குழந்தையுடன் செல்பவர்கள் ஏப்ரல் 30 பிற்பகலில் ஊருக்குள் ஒருமுறை நடந்து, கற்தெருக்களையும் ஆலயத்தையும் அமைதியாகப் பார்த்துவிட்டு, மறுநாள் நண்பகல் நிகழ்வுக்கு மட்டும் வருவதே நல்லது.

கல்லூற்று மீண்டும் எழுதுகிறார்:

குழந்தையுடன் செல்பவர்களுக்கு அது சரியான யோசனையே. மணிக்கயிற்றை முதல் நாளே மகளுக்குக் காட்டிவிடுங்கள். முறையா என்று தயங்கினீர்கள் அல்லவா? வெளியாட்கள் வருவது அவ்வூருக்குப் புதிதன்று. யாத்திரிகர்களை வரவேற்றே வளர்ந்த விழா அது. சுமப்பவர்களின் வழியை மறிக்காமலும், திருப்பலியின்போது படமெடுக்காமலும் இருந்தால் போதும். உங்கள் மகள் பாம்பைத் தொட விரும்பினால், அதை வைத்திருக்கும் செர்பாரோவிடம் நேரில் கேளுங்கள்; காலையில் சதுக்கத்தில் நிற்கும் அவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் கையில் கொடுத்து, எப்படித் தாங்க வேண்டும் என்றும் காட்டுவார்கள். திருவுருவத்தின்மேல் இருக்கும் பாம்புகளை மட்டும் யாரும் தொடக்கூடாது.