அரை மணி நேர வேலைக்கு ஒரு நாள் பில்லா? வழிச்செலவு வாங்கிய அனுபவங்கள்

கோவையில் இருந்துகொண்டு ஜெனரேட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். உள்ளூரில் வழிச்செலவுப் பேச்சே வராது. மலை ஏறினால்தான் தகராறு. வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனபோது அப்படித்தான். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. மழையும் மூடுபனியும் சேர்ந்தால் வண்டி ஊர்ந்துதான் போகும்.

போய்ப் பார்த்தால் டீசல் லைனில் ஏர் லாக், அதாவது குழாயில் காற்று அடைத்திருந்தது. டேங்க் வறளும்வரை ஓட்டிவிட்டு, அப்புறம் டீசல் ஊற்றியிருக்கிறார்கள். ஃபில்டர் மேலே இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான், இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பில்லைப் பார்த்த மேனேஜர், "என்ன தம்பி, அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா?" என்றார். "கிளம்புறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தேனே சார்" என்று எடுத்துக் காட்டினேன். பயண நேரம் மணிக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, இரவு தங்க நேர்ந்தால் அறை வாடகை தனி. அதற்குக் கீழே அவர் போட்ட 'ஓகே' இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சிலர் வழிச்செலவைத் தனியாகக் காட்டாமல் சர்வீஸ் சார்ஜிலேயே ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியாகக் காட்டியதால்தான் அந்த மேனேஜர் அடுத்த முறை பக்கத்து எஸ்டேட் வேலையையும் சேர்த்துக் கூப்பிட்டார். செலவை இருவருக்கும் பாதிப் பாதியாகப் போட்டேன்.

அக்கவுண்ட்ஸில் வழக்கமாக வரும் கேள்வி ஒன்று: "பெட்ரோல் காசுக்கு எதற்கு ஜிஎஸ்டி?" வேலையோடு சேர்த்து நாம் வாங்கும் வழிச்செலவு, 2017 மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டம் 15ஆம் பிரிவுப்படி சேவையின் மதிப்பிலேயே சேர்ந்துவிடும். ரிப்பேருக்கு 18% என்றால் அதற்கும் 18%தான். ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிற்சாலை பெரும்பாலும் இதை உள்ளீட்டு வரியாகத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சு அதோடு முடியும்.

---

மேலே கோவை நண்பர் சொன்னது ஜெனரேட்டர் கதை, எங்கள் கதை வேறு. மதுரையில் இருந்து ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் ஆஸ்பத்திரி லேப் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்க்கிறேன். எங்களுக்குப் பயணத்தைவிடக் காத்திருப்பதுதான் தலைவலி. போய்ச் சேர்ந்தாலும் மெஷினைத் தர மாட்டார்கள், நோயாளிகளின் சாம்பிள் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களையும் குறை சொல்ல முடியாது, டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பார். அதனால் சர்வீஸ் ரிப்போர்ட்டில் வந்த நேரம், மெஷின் கைக்கு வந்த நேரம் இரண்டையும் எழுதி லேப் டெக்னீஷியனிடம் அப்போதே கையெழுத்து வாங்கிவிடுவேன். நாலு நாள் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

பார்ட்டுக்காக இரண்டாம் முறை போக வேண்டி வந்தால்? மாடல் நம்பரை அவர்கள் தப்பாகச் சொல்லியிருந்தால் செலவு அவர்களுடையது. நாங்கள் பார்ட்டை எடுக்காமல் போயிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டோம். இந்தச் சச்சரவே வேண்டாம் என்று இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே மெஷினில் மாடல் நம்பர் இருக்கும் நேம் பிளேட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.