அப்பாவின் எஃப்டி பணத்தை ஸ்டேட் பேங்க் ஷேரில் போடலாமா?

உறையூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயசு. தனியார் வேலையில இருந்தவர், பென்ஷன் கிடையாது. 5 லட்சம் ரூபாய் எஃப்டி இந்த மாசம் (2025 ஆகஸ்ட்) முதிருது. அதை எடுத்து எஸ்பிஐ ஷேர் வாங்கலாம்னு தம்பி சொல்றான். டிவிடெண்ட், அதாவது லாபத்துல இருந்து ஒவ்வொரு ஷேருக்கும் தர்ற பணம், வருஷா வருஷம் ஏறுதாம். 2021ல 4 ரூபாய், 2022ல 7.10, 2023ல 11.30, 2024ல 13.70, இந்த வருஷம் 15.90. அப்பாவும் ஆசைப்படறார். பால் கணக்கு எழுதற நோட்டுல இந்த அஞ்சு எண்ணையும் வரிசையா எழுதி, கீழே அடுத்த வருஷத்துக்கு 18னு பென்சில்ல போட்டு வச்சிருக்கார். அம்மா மட்டும் ஒத்துக்கல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

காளை72:
தயங்காம வாங்குங்கம்மா. 2020 மே மாசம், ஊரடங்கு நேரம், எல்லாரும் வித்துட்டு ஓடினப்போ நான் 160 ரூபாய்க்கு 600 ஷேர் வாங்கினேன். போட்டது 96,000. இந்த மே 30ஆம் தேதி என் அக்கவுண்ட்ல ஏறின டிவிடெண்ட் மட்டும் 9,540 ரூபாய். போட்ட பணத்துக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம். போட்ட முதலும் அஞ்சு மடங்கு ஆகியிருக்கு. எந்த எஃப்டி இதைத் தரும்? தம்பி சரியாத்தான் சொல்றார்.

கணக்குநோட்டு:
காளை அண்ணே, அந்த 10 சதவீதம் நீங்க 160க்கு வாங்கினதுக்கு வர்றது. உறையூர் அக்காவோட அப்பாவுக்கு இன்னிக்கு யாரும் 160க்குத் தரப்போறதில்ல. விலை 800ஐத் தாண்டி நிக்குது.

810னு வச்சுக் கணக்குப் போடுங்க. 5 லட்சத்துக்கு 617 ஷேர் வரும். 15.90 வீதம் வருஷத்துக்கு 9,810 ரூபாய். அதாவது 2 சதவீதத்துக்கும் கீழே. அதே 5 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போட்டா 8.2 சதவீதம், வருஷத்துக்கு 41,000. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 10,250 கைக்கு வரும். ஷேர் ஒரு வருஷம் பூரா தர்றதைவிட அது ஒரே காலாண்டுல அதிகம் தருது. போஸ்ட் ஆபீஸ்ல போடலாம், அதே ஸ்டேட் பேங்க் கிளையிலயும் போடலாம்.

இன்னொண்ணு. அப்பாவோட நோட்டு ஏன் 2021ல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. அதுக்கு முந்தின மூணு வருஷம் எஸ்பிஐ டிவிடெண்டே தரல. 2017ல 2.60 தந்தாங்க. அப்புறம் 2018 இல்ல, 2019 இல்ல, 2020 இல்ல.

காளை72:
அது ஏன்னும் சேர்த்துச் சொல்லுங்க தம்பி, பாதியைச் சொல்லிட்டு நிறுத்தாதீங்க. 2017 ஏப்ரல்ல அஞ்சு துணை வங்கியையும் பாரதிய மகிளா வங்கியையும் ஒண்ணாச் சேர்த்தாங்க. பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்து ஒளிஞ்சு கிடந்த வாராக்கடன் எல்லாம் அப்போதான் வெளியே வந்தது. 2017-18ல 6,547 கோடி நஷ்டம், மொத்த வாராக்கடன் கொடுத்த கடன்ல 10.91 சதவீதம். இன்னிக்கு அது 1.82 சதவீதம். போன நிதியாண்டு லாபம் 70,901 கோடி. அந்த வங்கியும் இந்த வங்கியும் பேர்லதான் ஒண்ணு.

அரசுக்கும் இந்தப் பணம் வேணும். இந்த ஜூன்ல 8,076 கோடிக்கு டிவிடெண்ட் காசோலையை நிதியமைச்சர் கையில கொடுத்தாங்க. பாதிக்கு மேல பங்கு வச்சிருக்கிற அரசே எதிர்பார்த்து நிக்கும்போது நிறுத்திடுவாங்களா?

கணக்குநோட்டு:
2018லயும் பாதிக்கு மேல பங்கு அரசுகிட்டதானே அண்ணே இருந்தது? அந்த நிதியாண்டுல அரசுக்கு டிவிடெண்ட் வரல, அரசுதான் எஸ்பிஐக்கு 8,800 கோடி மூலதனம் போட்டது. 2019-20ஐயும் பாருங்க. லாபம் 14,488 கோடி வந்திருந்தது. இருந்தும் கொரோனா காரணமா எந்த வங்கியும் டிவிடெண்ட் தரக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. வங்கி நல்லா இருந்தாலும் டிவிடெண்ட் நிக்கலாம். எஃப்டி வட்டியை அப்படி நிறுத்த முடியாது. அது கடன், கொடுத்தே ஆகணும். டிவிடெண்டைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். மருந்துச் செலவுக்கு அதை நம்பி இருக்கிறவங்க அந்த மூணு வருஷம் என்ன செஞ்சிருப்பாங்க?

வரிப்பிடித்தம்:
இடையில ஒரு தகவல். ஒரு கம்பெனி தர்ற டிவிடெண்ட் வருஷத்துக்கு 10,000ஐத் தாண்டினாதான் இப்போ 10 சதவீதம் வரியாப் பிடிப்பாங்க. 2025 மார்ச் வரைக்கும் அந்த வரம்பு 5,000ஆ இருந்தது. அப்பாவுக்கு வரி கட்டுற அளவு வருமானம் இல்லைன்னா வரி பிடிக்க வேண்டாம்னு 15எச் படிவம் கொடுத்தாப் போதும். ஆனா பிடிக்கலைங்கறதால வரியே இல்லைன்னு அர்த்தமில்ல. 2020 ஏப்ரல்ல இருந்து டிவிடெண்ட் நம்ம வருமானத்தோட சேருது.

டிவிடெண்டுக்காகக் கடைசி நேரத்துல வாங்கறவங்களும் கவனிங்க. இந்த வருஷம் ரெக்கார்டு டேட் (அன்னிக்கு ஷேர் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் டிவிடெண்ட்) மே 16. அன்னிக்கு வாங்கினவங்களுக்குக் கிடைக்காது, முந்தின நாளே வாங்கியிருக்கணும். மே 16 காலையில விலையிலயும் டிவிடெண்ட் அளவுக்குக் கழிஞ்சுதான் வியாபாரம் தொடங்கும்.

அமராவதிக்கரை:
நான் கரூர். எஸ்பிஐக்கு அப்படி ஆகும்னு சொல்ல வரல, முதல்லயே சொல்லிடறேன். லட்சுமி விலாஸ் வங்கி 1926ல எங்க ஊர் வியாபாரிகள் தொடங்கினது. "நம்ம பேங்க்"னுதான் ஊர்ல பேச்சு. கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி அதோட ஷேரைப் பிள்ளைகள் பேர்ல வாங்கி வச்ச குடும்பங்கள் உண்டு. 2020 நவம்பர் 17 அன்னிக்கு, 25,000க்கு மேல பணம் எடுக்கக்கூடாதுன்னு தடை வந்தது. பத்தே நாள்ல, 27ஆம் தேதி, டிபிஎஸ் வங்கியோட சேர்த்துட்டாங்க. டெபாசிட் போட்டவங்க பணம் ஒரு ரூபாய் குறையல. ஷேர் வச்சிருந்தவங்களுக்கு ஒரு ரூபாயும் வரல. பங்கு மூலதனம் மொத்தத்தையும் எழுதித் தள்ளிட்டாங்க.

ஒரே கட்டடம், ஒரே கவுண்டர். டெபாசிட் ரசீது வச்சிருந்தவர் ஒரு பக்கம், ஷேர் வச்சிருந்தவர் இன்னொரு பக்கம். அந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அன்னிக்குத்தான் பலருக்குப் புரிஞ்சது. அப்பா எஃப்டியில இருந்து ஷேருக்குப் போறது வங்கி மாறாம பக்கம் மட்டும் மாறுறது. அதை அவர்கிட்ட உக்காந்து சொல்லுங்க.

காளை72:
அமராவதி சொல்றது நியாயம்தான். ஆனா ஒழுங்கா மூலதனம் வைக்க முடியாம தவிச்ச சின்ன வங்கியையும் ரிசர்வ் வங்கியே "இது விழுந்தா நாடே ஆடும்"னு பட்டியல்ல வச்சிருக்கிற வங்கியையும் ஒரே தராசுல வைக்கக்கூடாது. போன மாசம் நிறுவன முதலீட்டாளர்கள்கிட்ட 817 ரூபாய் விலையில 25,000 கோடி திரட்டினாங்க. விவரம் தெரிஞ்சவங்க அந்த விலையிலயே வாங்கியிருக்காங்க. ஒரு ஷேருக்கு 79 ரூபாய் சம்பாதிச்சு 15.90 தர்றாங்க, அஞ்சுல ஒரு பங்கு. மீதி வங்கியிலேயே நின்னு கடனாப் போய் லாபமாத் திரும்பும். டிவிடெண்டை மட்டும் பார்த்தா 2 சதவீதம். வளர்ச்சியையும் சேர்த்துப் பாருங்க. பத்து வருஷம் பொறுத்தா எஃப்டி கிட்டவே நிக்க முடியாது.

கணக்குநோட்டு:
பத்து வருஷம்னு சொன்னீங்க இல்லையா அண்ணே. 2010 நவம்பர்ல எஸ்பிஐ 3,500ஐத் தொட்டது. 2014ல ஒரு ஷேரைப் பத்தாப் பிரிச்சாங்க, அந்தக் கணக்குல 350 ரூபாய். அன்னிக்கு வாங்கினவர் கிட்டத்தட்ட பத்து வருஷம் பொறுமையா வச்சிருந்து 2020 மே மாசம் திரும்பிப் பார்த்தா 150 சொச்சம். நீங்க 160க்கு வாங்கினீங்களே, அதே மாசம். உங்களுக்குக் கிடைச்ச அந்த விலை அவரோட பத்து வருஷக் காத்திருப்பு.

பத்து வருஷம் வேண்டாம், ஒரே நாளைப் பாருங்க. 2024 ஜூன் 3, கருத்துக்கணிப்பு வந்த மறுவாரம் திங்கக்கிழமை, 912 வரைக்கும் போச்சு. மறுநாள் தேர்தல் முடிவு வந்தது, 14 சதவீதம் விழுந்தது. 5 லட்சத்துல 70,000 ரூபாய். ஏழு வருஷ டிவிடெண்ட் ஒரு பகல்ல. அப்புறம் மீண்டுச்சு, மறுக்கல. 67 வயசுல வேற வருமானம் இல்லாதவர் அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பாரா?

காளை72:
(கொஞ்ச நேரம் யோசிச்சுத்தான் எழுதறேன்.) 2010ல வாங்கினவர் பத்தி நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் வாங்கின நேரம் நல்ல நேரம், அதை ஒத்துக்கறேன். ஆனா எனக்கு அன்னிக்குச் சம்பளம் வந்துட்டு இருந்தது, அதனாலதான் கை நடுங்காம வாங்க முடிஞ்சது. அப்பாவோட மொத்தப் பணமும் இந்த 5 லட்சம்தானாம்மா? அதை முதல்லயே கேட்டிருக்கணும். வேற இருந்தா ஒரு பங்கை இதுல போடறது தப்பே இல்ல, அதுல நான் மாற மாட்டேன்.

உறையூர்க்காரி:
வீட்டைத் தவிர இதுதான் சார் மொத்தமும்.

எல்லாத்தையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கரூர்க்காரர் எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். நாளைக்குப் பணத்தை மூத்த குடிமக்கள் திட்டத்துல போடறதா முடிவு. தம்பிக்கு இன்னும் வருத்தம். தன் சம்பளத்துல மாசம் அஞ்சு ஷேர் வாங்கறேன்னு சொல்லியிருக்கான், அதுக்கு யாரும் குறுக்க நிக்கல.

அப்பா நோட்டை எடுத்து, 2021க்கு மேல இருந்த இடத்துல நெருக்கி நெருக்கி 2018, 2019, 2020னு எழுதி மூணுக்கும் நேரா 0 போட்டார். கீழே பென்சில்ல இருந்த 18ஐ அழிச்சுட்டார். அம்மா இப்போதான் காபி கொண்டுவந்து வச்சாங்க.

காளை72:
தம்பியை டீமேட் (ஷேர் வச்சுக்கிற கணக்கு) தொடங்கினதும் இங்க வரச் சொல்லுங்க. நாமினி பேர் போட மறக்க வேண்டாம்.